பாக்கிக்காரர் யாருமே இல்லையாம்!

தப்பு நடந்தால் கத்துகிற சாமான்களோடு குடித்தனம் நடத்திவிடலாம். பிரஷர் குக்கர் கத்தும். பழைய ஸ்கூட்டர் கத்தும். மேனேஜரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கத்தாமல், முகம் சுளிக்காமல், ரொம்பப் பணிவாகத் தப்பான பதிலைச் சொல்கிற ஆசாமிகளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இந்த நிமிஷம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறார். பெயர், எஸ்க்யூலைட்.

உங்கள் போனில் இருக்கும் காண்டாக்ட்ஸ், மெசேஜ், வாட்ஸப் அரட்டை, நீங்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு குரோமில் எந்த எந்தப் பக்கம் போனீர்கள் என்ற ரகசியம் (வீட்டில் சொல்ல மாட்டேன்) எல்லாம் பத்திரமாக உட்கார்ந்திருப்பது இந்த எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்களில்தான். 2000-ஆம் வருஷம் ரிச்சர்ட் ஹிப் என்கிற அமெரிக்கர் ஆரம்பித்தது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்காக ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தார். அது தகவல் கேட்கப் போகும்போதெல்லாம் டேட்டாபேஸ் சர்வர் படுத்திருந்தால் இவருடைய புரோகிராமும் சேர்ந்து படுத்துக்கொண்டது. திட்டு மட்டும் இவருக்கு. 'சர்வரே வேண்டாம், ஒரே ஒரு ஃபைல் போதும், புரோகிராமே நேராகப் படித்துக்கொள்ளட்டும்' என்று முடிவு செய்தார். அதைக் காப்பிரைட் இல்லாமல் உலகத்துக்கே தானம் கொடுத்துவிட்டார். கர்ணன் பரம்பரை!

எக்ஸெல்லில் 10,48,576 வரிக்கு மேல் இடமில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே அது மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதனால் ஆபீஸ்களில் விஷயம் தெரிந்த இளைஞர்கள் லிஸ்ட்டைத் தூக்கி எஸ்க்யூலைட்டில் போட்டு, எஸ்க்யூஎல் பாஷையில் கேள்வி கேட்கிறார்கள். கேள்விக்குப் பெயர் க்வெரி. பதில் உடனே வந்துவிடும். வந்த பதில் சரியா என்பதில்தான் வில்லங்கம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அறுபது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கம் என்று ஒன்று இருக்கும். 'நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனாச்சேப்பா' என்று மெயின்டனன்ஸ் கணக்கை யாராவது ஒருவர் தலையில் கட்டுவார்கள். அந்தத் தலை பெரும்பாலும் உங்களுடையது. ஐயாயிரத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்கிறார் செக்ரட்டரி. நீங்களும் கேட்கிறீர்கள்:

செலக்ட் * ஃப்ரம் வீடுகள் வேர் பாக்கி > 5000;

(டேபிளுக்கும் காலத்துக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எஸ்க்யூலைட் கோபித்துக்கொள்ளாது. செலக்ட், வேர் வகையறா மட்டும் இங்கிலீஷில் இருக்க வேண்டும்.)

லிஸ்ட் வருகிறது. அதில் 600 ரூபாய் பாக்கி வைத்திருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். 12,000 பாக்கி வைத்திருக்கும் மூன்றாம் மாடிப் புள்ளி இல்லை! அப்படியே ஒட்டினால், வாத்தியார் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார். மூன்றாம் மாடி உங்களுக்கு டீ வாங்கித் தரும்.

காரணம் சின்னது. எக்ஸெல்லிலிருந்து கொண்டுவரும்போது பாக்கி என்கிற காலம் நம்பராகப் பதிவாகாமல் டெக்ஸ்ட், அதாவது எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும்போது அகராதி வழக்கம்தான். முதல் எழுத்தைப் பார். 12000-இன் முதல் எழுத்து 1. அது 5-க்கு முன்னால். ஆகவே 'சின்னது'. 600-இன் முதல் எழுத்து 6. ஆகவே 'பெரிசு'. இன்னொரு கூத்து, இதே காலத்தை நீங்கள் 'ஸம்' போட்டுக் கூட்டினால் கூட்டுத்தொகை மிகச் சரியாக வரும். கூட்டும்போது எழுத்தை நம்பராக்கிக்கொள்கிறது. ஒப்பிடும்போது ஆக்கவில்லை. 'மொத்தம் டாலி ஆகுதே ஸார்' என்று நீங்கள் நிம்மதியாக லிஸ்ட்டை ஒட்டப் போவீர்கள். பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குத் தலையில் குட்டிச் சொன்ன சமாசாரம், டிரயல் பாலன்ஸ் டாலி ஆனதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. டேட்டாபேஸ்காரர்களுக்கும் யாராவது அந்தக் குட்டைக் குட்டியிருக்கலாம்.

சரி, காலத்தை இன்டிஜர் என்று மாற்றிவிட்டால் போதுமா? நடுவில் கமா இருந்தால் போதாது. மற்ற டேட்டாபேஸ்கள், 'இன்டிஜர் காலத்தில் 12,000 என்று கமா போட்டு எழுதுகிறாயே, வெட்கமாக இல்லை?' என்று வாசலிலேயே துரத்திவிடும். எஸ்க்யூலைட் வந்தவரை உட்கார வைத்துக் காப்பி கொடுக்கும். கமா இல்லாத 600 நம்பராகிவிடும். கமா உள்ள '1,200' எழுத்தாகவே தங்கிவிடும். எந்த எழுத்தும் எந்த நம்பரையும் விடப் பெரிசு என்பது இங்கே சட்டம். அதனால் 1,200 பாக்கிக்காரரும் ஐயாயிரத்துக்கு மேல் லிஸ்ட்டில் வந்துவிடுவார். கூட்டும்போதோ, கமா வரைக்கும்தான் படிக்கும். நம்மூர் வழக்கப்படி 1,20,000 என்று எழுதியிருந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஒரே ஒரு ரூபாயாக இளைத்துவிடும்.

வைத்தியம் இதுதான். சந்தேகம் வந்தால் முதலில் 'டைப்ஆஃப்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். செலக்ட் பாக்கி, டைப்ஆஃப்(பாக்கி) என்று கேட்டால் ஒவ்வொரு வரியிலும் இருப்பது இன்டிஜரா, டெக்ஸ்ட்டா என்று ஜாதகம் சொல்லிவிடும். 'ரீப்ளேஸ்' போட்டு கமாவைக் களையுங்கள். 'காஸ்ட்' போட்டு நம்பராக்குங்கள். புதிதாக டேபிள் செய்வதாக இருந்தால், கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற ஒரே வார்த்தையைச் சேர்த்துவிடுங்கள். 2021-இல் வந்த 3.37 வெர்ஷனிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அப்புறம் '12,000' வாசலைத் தாண்டாது. எர்ரர் அடிக்கும். அடிக்கட்டுமே!

அடுத்த வில்லங்கம் இதைவிட ருசியானது. இந்த மாதம் பணமே கட்டாதவர்கள் யார்? வீடுகள் ஒரு டேபிள், வரவு ஒரு டேபிள். வரவில் இல்லாத வீடுகளைக் கொடு என்று கேட்கிறீர்கள்:

செலக்ட் * ஃப்ரம் வீடுகள் வேர் வீட்டு_எண் நாட் இன் (செலக்ட் வீட்டு_எண் ஃப்ரம் வரவு);

பதில், ஒரு வரிகூட இல்லை. பாக்கிக்காரர் யாருமே இல்லையாம்! செக்ரட்டரி பூரித்துப்போய் லிஃப்டுக்குப் புது கண்ணாடி வாங்கக் கிளம்பிவிடுவார்.

நடந்தது என்னவென்றால், பாங்க்கில் யாரோ ஒருவர் பணம் போட்டுவிட்டு எந்த வீடு என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். வரவு டேபிளில் அந்த ஒரு வரியில் வீட்டு எண் காலி. டேட்டாபேஸ் பாஷையில் 'நல்'. நல் என்றால் பூஜ்யம் இல்லை, தெரியாது என்று அர்த்தம். இப்போது எஸ்க்யூலைட் யோசிக்கிறது: 'பதினேழாம் நம்பர் வீடு இந்த லிஸ்ட்டில் இல்லையா? கண்ணுக்குத் தெரிகிற வரிகளில் இல்லை. ஆனால் அந்தத் தெரியாத ஆசாமி பதினேழாகவும் இருக்கலாமே! நான் எப்படி உறுதியாகச் சொல்வேன்?' இதே சந்தேகம் பணம் கட்டாத ஒவ்வொரு வீட்டுக்கும். உறுதியில்லாத எதையும் அது காட்டாது. ஆகவே எதையுமே காட்டவில்லை. நியாயப்படி பார்த்தால் அது சொல்வதில் தப்பே இல்லை. வக்கீல் புத்தி. இதற்கு எஸ்க்யூலைட்டை மட்டும் திட்டுவதும் பாவம், எஸ்க்யூஎல் பேசும் பெரிய பெரிய டேட்டாபேஸ்களும் இதையேதான் சொல்லும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் க்வெரியில் 'வேர் வீட்டு_எண் இஸ் நாட் நல்' என்று சேர்த்துவிட்டால் பாக்கிக்காரர்கள் வரிசையாக வெளியே வருவார்கள். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' தெரிந்தவர்கள் அதையே போடலாம். நல்லைத் தேடும்போது '= நல்' என்று எழுதாதீர்கள். எதுவும் வராது. 'இஸ் நல்' என்று எழுத வேண்டும். அதுவும் வரவில்லையா? எக்ஸெல்லின் காலி இடம் பல சமயம் நல்லாக வராமல், நடுவில் எதுவும் இல்லாத வெறும் மேற்கோள் குறியாக வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தேடுங்கள்.

இப்போது நம் தமிழுக்கென்றே ஸ்பெஷலாக ஒரு சிக்கல். சொந்த ஊர் கோவை என்று இருப்பவர்களைத் தேடுகிறீர்கள். பதினொரு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர்தான். மீதி நான்கிலும் 'கோவை' என்றுதான் கண்ணாடி மாதிரி தெரிகிறது. விஷயம் கீபோர்டில். யூனிகோடில் 'கோ' என்பதன் துணையெழுத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம். முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியாகவும் அடிக்கலாம். ஸ்க்ரீனில் இரண்டும் ஒன்றே. எஸ்க்யூலைட்டுக்கு வேறு வேறு. 'லெங்த்' என்ற ஃபங்ஷனால் அளந்து பாருங்கள். நமக்கு இரண்டெழுத்தான கோவை அதற்கு ஒரு வரியில் நாலு, இன்னொரு வரியில் ஐந்து! பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேஸையும் இதே அளவுகோல் காட்டிக்கொடுக்கும். 'ட்ரிம்' போட்டால் ஸ்பேஸ் போகும். கொம்பையும் காலையும் 'ரீப்ளேஸ்' போட்டு ஒன்றாக்க வேண்டும்.

தேதி பற்றி ஒரே வார்த்தை. எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. 31/01/2024 என்று எழுதினால் அதுவும் வெறும் எழுத்து. வரிசைப்படுத்தினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாக முன்னால் வந்து நிற்கும். 2024-01-31 என்று வருஷத்தை முன்னால் போட்டு எழுதிவிட்டால் பிரச்னை முடிந்தது. வகுத்தலும் அப்படித்தான். 7/2 கேட்டால் 3 என்று சொல்லும், 7.0/2 கேட்டால்தான் 3.5. அரை ரூபாயை யார் சாப்பிட்டார்கள் என்று தேடி அலைய வேண்டாம்.

'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்ற எர்ரர் வந்தால் பயந்துவிடாதீர்கள். இது கத்துகிற ரகம், ஆகவே நல்ல ரகம். எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்பது இங்கே விதி. முக்கால்வாசி சமயம் அந்த ஒருவர் நீங்களேதான். இன்னொரு ஜன்னலில் எதையோ திருத்திவிட்டு, 'சேவ்' கொடுக்காமல் சாப்பிடப் போயிருப்பீர்கள். அதை முடித்துவிட்டு வாருங்கள். புரோகிராமில் 'பிஸி டைமவுட்' என்று ஐந்து செகண்ட் பொறுமையும் சொல்லிக்கொடுக்கலாம்.

இனி வருவதுதான் வயிற்றைக் கலக்குவது. காலி செய்துவிட்டுப் போனவர்களை லிஸ்ட்டிலிருந்து எடுக்க வேண்டும். காலத்தின் பெயர் நிலைமை. அவசரத்தில் அடிக்கிறீர்கள்:

டெலீட் ஃப்ரம் வீடுகள் வேர் "நிலமை" <> 'இருக்கிறார்';

நிலைமையில் ஒரு கொம்பு போச்சு. அப்படி ஒரு காலமே இல்லை. எர்ரர் வர வேண்டும். ஆனால் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் பெயரில் காலம் இல்லையென்றால், 'சரி, ஏதோ வார்த்தை போலிருக்கிறது' என்று எஸ்க்யூலைட் தானாகவே விட்டுக்கொடுத்துவிடும். 'நிலமை' என்ற வார்த்தையும் 'இருக்கிறார்' என்ற வார்த்தையும் ஒன்றா? இல்லை. எல்லா வரியிலும் இல்லை. அறுபது வீடும் காலி! பழைய மைஎஸ்க்யூஎல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு இது. செய்திருக்கக் கூடாது என்று எஸ்க்யூலைட்காரர்களே தங்கள் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2023-இல் வந்த 3.41 முதல், கமாண்ட் அடிக்கும் அவர்களுடைய கருப்பு ஜன்னலில் இதை நிறுத்திவிட்டார்கள். மற்ற புரோகிராம்களுக்குள் இன்னும் உயிரோடு இருக்கலாம். ஆகவே வார்த்தைக்கு ஒற்றை மேற்கோள், காலத்தின் பெயருக்கு மேற்கோளே வேண்டாம்.

டெலீட் அடிக்குமுன் அதே 'வேர்' வரியை வைத்து 'செலக்ட் கவுண்ட்(*)' கேட்டுப் பாருங்கள். மூன்று வர வேண்டிய இடத்தில் அறுபது வந்தால் கையை எடுத்துவிடலாம். 'பிகின்' என்று ஆரம்பித்துவிட்டு டெலீட் செய்தால், 'கமிட்' சொல்வதற்குள் 'ரோல்பேக்' என்று கூவி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஒரே ஃபைல்தானே என்று அலட்சியம் வேண்டாம். சில சமயம் பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் 'வால்' என்று முடிகிற இன்னொரு ஃபைல் இருக்கும். ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம்தான், ஆனால் தமிழ் அர்த்தமும் கச்சிதம். கடைசியாக எழுதியது பெரிய ஃபைலுக்குப் போய்ச் சேராமல் அந்த வாலில் தொங்கிக்கொண்டிருக்கலாம். தலையை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் நேற்று சாயந்திரம் வசூலித்தது காப்பியில் இருக்காது. டேட்டாபேஸைத் திறந்து வைத்திருக்கும் எல்லா ஜன்னல்களையும் ஒழுங்காக மூடுங்கள். வால் தானாக உள்ளே சுருண்டு காணாமல் போய்விடும். அப்புறம் காப்பி எடுங்கள்.