முகாமையாளர் விபுலாநந்தர்

ஆடி மாதம் பிறந்ததும் எங்கள் பாடசாலைகளிலே சுவாமி விபுலாநந்தர் நினைவு விழாக்கள் தொடங்கிவிடும். மேடையிலே குத்துவிளக்கு எரியும். மாணவி ஒருத்தி அடிகளாரின் பாட்டொன்றைப் பண்ணோடு பாடுவாள். பேச வருவோர் யாவரும் யாழ் நூலின் பெருமையையே பேசி அமர்வர். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே பேசியவன். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி அலுவலகப் பொறுப்பில் ஒரு பங்கு என் தலையில் வந்து விழுந்தது. இடாப்பும் படிவமும் கணக்குப் புத்தகமுமாக மாலைப் பொழுதுகள் கழியலாயின. அப்போதுதான், அடிகளாரின் வாழ்வில் மேடைக்கு வாராத பகுதியொன்று உண்டென்பது எனக்கு உறைத்தது. பேரறிஞராகிய அவர் தம் நல்ல பருவத்தின் பெரும்பகுதியைப் பாடசாலைகளை நடத்துவதிலேயே செலவிட்டவர்.

கிழக்குக் கரையிலே, கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பிள்ளைப் பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலக் கல்வி. பின்னர் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானப் படிப்பும். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் கைவந்தது. ஒரு கையிலே தொல்காப்பியமும் மறு கையிலே சோதனைக் குழாயும் ஏந்திய ஆசிரியர் இன்றும் அரியர். அன்று எத்துணை அரியராயிருந்திருப்பர் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராயிருந்தவரை 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக அழைத்தது. வயது 28. நல்ல சம்பளம், ஊரார் மதிப்பு, பட்டதாரி என்னும் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்து வாய்த்த இளைஞனுக்கு அக்கால யாழ்ப்பாணத்தில் என்னென்ன கதவுகள் திறக்கும் என்பதைப் பெண்ணைப் பெற்றோரைக் கேட்டால் சொல்வர்! அவரோ கல்லூரி விட்டதும் சங்க வேலைகளுக்குச் சென்றார். 1921இல் தமிழும் வடமொழியும் வளர்க்கும் நோக்கத்தோடு தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்துக்குக் கால்கோள் செய்தவருள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அதிபர் பதவியைத் துறந்து, மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

இங்கேதான் கதையிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகை வெறுத்துக் காவி உடுத்தவர் மலைக் குகையை நாடியிருக்கலாம். மடமோ அவரை இலங்கைக்குத் திருப்பியனுப்பி, மிஷனுடைய பாடசாலைகளைக் கவனிக்குமாறு பணித்தது. துறந்து சென்ற அதே வேலை, பல மடங்காகப் பெருகி எதிரே வந்து நின்றது. துறவினால் நீங்கியது சம்பளம் ஒன்றுதான்.

உதவி நன்கொடை பெறும் பாடசாலைக்கு முகாமையாளராயிருப்பது எத்தகைய தொல்லை என்பதை இக்காலத்து ஆசிரியர் அறியார். ஆசிரியர் சம்பளத்தின் பொருட்டு அரசினர் பணம் உதவுவர். காணியும் கட்டடமும் வாங்கும் மேசையும் முகாமையாளர் தலையிலே. வித்தியாதரிசி வரும் நாளில் வரவு இடாப்பு ஒழுங்காயிருத்தல் வேண்டும்; ஆசிரியரைத் தெரிவதும் அவரே, ஆசிரியருக்குள் எழும் பிணக்கைத் தீர்ப்பதும் அவரே. யாழ்ப்பாணத்தில் வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலையில் இந்துக் கல்லூரி, மட்டக்களப்பிலே பல கிராமப் பாடசாலைகள் என்று அப்பொறுப்பு கடற்கரை நெடுகப் பரந்திருந்தது. திருகோணமலையிலே அதிபர் நாற்காலியிலும் சிறிது காலம் அமர்ந்தார். காரைதீவிலிருந்து மட்டக்களப்புப் பட்டினமே 25 மைலுக்கு மேல். யாழ்ப்பாணமோ நாட்டின் மறு முனை. பயணத்திற் கழிந்த நாட்களை மட்டும் கூட்டினாலும் ஒரு நூல் எழுதும் காலம் தேறும்.

1929இல் கல்லடி உப்போடையில், ஒரு பக்கம் வாவியும் மறு பக்கம் கடலுமாகக் கிடக்கும் மணல் நிலத்திலே, தம் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். ஆங்கிலக் கல்வி வேண்டிய பிள்ளைகள் தம் சமயச் சூழலை விட்டு நீங்காமலே அதனைப் பெறவேண்டும் என்பது நோக்கம். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அமைந்தது. இல்லம் என்று எழுதிவிடுவது எளிது. நாள்தோறும் அரிசி எங்கிருந்து வரும் என்னும் கேள்வி அதனுள்ளே இருப்பதை, விடுதி நடத்தியவர் அறிவர்.

1931இல் சிதம்பரத்து அண்ணாமலைச் சர்வகலாசாலை அவரைத் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. இனியேனும் ஏட்டோடு அமர்வார் என்று எண்ணியவர் ஏமாந்தனர். திருவேட்களத்திலே குடியிருந்த அவர், மாலை வேளைகளில் அருகிலிருந்த சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பகலிலே பேராசிரியர், மாலையிலே அரிவரி வாத்தியார். எனக்கு அவரிடத்துள்ள பெருமதிப்பு யாழ் நூலால் வந்ததன்று, அந்த அரிவரி வகுப்பினால் வந்தது என்று எழுதினால் பண்டிதர்கள் சினப்பர், ஆயினும் எழுதுகிறேன். 1933இல் அப்பதவியை விட்டு நீங்கினார்.

இவ்வளவுக்கும் இடையிலேதான் யாழ் ஆராய்ச்சி நடந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் நரம்பு அளவுகளைக் கணித முறையால் மீட்டெடுக்கும் அருவேலை அது. பௌதிகமும் கணிதமும் கற்ற தமிழ்ப் பண்டிதர் அன்றி வேறொருவர் தொட முடியாதது. தொடங்கிய வேலை பதினான்கு ஆண்டு இழுத்தது. 1939 முதல் ஈராண்டு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலே ‘பிரபுத்த பாரத’ இதழாசிரியப் பணி. 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது.

பாடசாலைகளை வேறொருவரிடம் விட்டு ஆராய்ச்சியோடு மட்டும் இருந்திருந்தால், தமிழுக்கு இன்னும் எத்தனை நூல்கள் கிடைத்திருக்கும் என்று வருந்துவோர் உளர். யானும் வருந்தியதுண்டு. இப்பொழுது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிவாநந்த வித்தியாலயத்து வாங்குகளில் அமர்ந்தமையால் வைத்தியராயும் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் ஆன கிழக்கிலங்கைப் பிள்ளைகளை எந்தத் தராசிலே, எந்த நூலுக்கு எதிராக நிறுப்பது?

1947 யூன் மாதத்திலே, தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே இசைக்கப்பெற்றன. அதன்பின் ஆறு வாரமே அவர் வாழ்ந்தார். 1947 யூலை 19ஆம் நாள் கொழும்பிலே உயிர் பிரிந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசினர் பொறுப்பேற்றபோது, மிஷன் பாடசாலைகளும் கைமாறின. முகாமையாளர் என்னும் பதவியே அவற்றில் இல்லாது போயிற்று.

அவருடைய உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, சிவாநந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைத்தனர். காலை மணி அடிக்கும்போது பிள்ளைகள் அதன் அருகாகவே வகுப்புக்கு ஓடுகின்றனர். பிந்தி வந்தவனும் ஓடுகிறான்.