ஒரே மாணவர், நான்கு டீம்: எந்த ஆட்டத்தை விடுவது?

ஜூன் மாதம் பள்ளி திறந்து, புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் குறுவட்டப் போட்டிகள் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். கபடிக்கு ஏழு பேர், கோ-கோவுக்கு ஒன்பது பேர், வாலிபாலுக்கு ஆறு பேர். அதுபோக 100 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம். நகரத்துப் பெரிய பள்ளி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் கிடைப்பார்கள். கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் சதுரங்கப்பட்டினம் மாதிரியான கடலோரச் சிற்றூர்களில் கதையே வேறு. வேகமாக ஓடத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ கண்ணில் பட்டால் போதும், பி.இ.டி. சாரின் எல்லா லிஸ்ட்டிலும் அந்தப் பெயர் ஏறிவிடும்.

காலையில் கபடியில் ரெய்டு. முழங்காலில் சிராய்ப்போடு மதியம் 400 மீட்டர். அதற்குள் வாலிபால் செமி ஃபைனலுக்கு மைக்கில் பெயரைக் கூப்பிடுவார்கள். ஊர்ப் பெயரிலேயே சதுரங்கம் இருப்பதால் செஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் பக்கத்து மாமல்லபுரத்தில்தானே!

வீட்டில் கிடைப்பது ஒரே அறிவுரை: "எல்லாத்துலயும் கால வைக்காத, ஏதாவது ஒண்ணை உருப்படியா பண்ணு." அந்த ஒன்று எது, அதை எப்போது முடிவு செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, இந்திய அளவில் பேசப்பட்டவர் ஒருவர் இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்திருக்கிறார். எம்.ஜே.கோபாலன். அவர் பெயரில் இருக்கும் 'எம்', அவர் பிறந்த மொறப்பாக்கம் கிராமத்தைக் குறிப்பது. 1909-ல் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர், ஹாக்கியிலும் கெட்டிக்காரர். அவருடைய பந்துவீச்சைக் கவனித்த சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், அவருக்கு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கே ஏற்பாடு செய்தார்.

1934 ஜனவரியில் கொல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி, சேப்பாக்கத்தில் மெட்ராஸ் - மைசூர் மோதல். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். (அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பது தனிக் கதை.) மறு வருடமே ஹாக்கி மட்டையுடன் நியூசிலாந்துக்குக் கிளம்பிவிட்டார், தயான்சந்த் ஆடிய இந்திய அணியில் ஒருவராக.

அதன் பிறகு வந்தது 1936. பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி அணிக்கான தேர்வு ஒரு பக்கம். இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணியில் இடம் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் கப்பல் பயணம், மாதக்கணக்கில் டூர். இரண்டுக்கும் போக வழியே இல்லை. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட்கள் நடந்தன. ஒன்றில்கூட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெர்லினிலோ ஆகஸ்ட் 15-ம் தேதி ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கி இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. கோபாலனின் டெஸ்ட் கணக்கும் அந்த ஒன்றோடு நின்றுபோனது. பிற்பாடு மெட்ராஸும் இலங்கையும் மோதும் போட்டிக்கு 'கோபாலன் கோப்பை' என்றே பெயர் வைத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, பதக்கம் மட்டும் இல்லை.

இதை வைத்து 'தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்' என்று சொல்வது சுலபம். ஆனால், அதே கிரிக்கெட் டூரில் போன இன்னொரு சென்னைக்காரரையும் பார்க்க வேண்டும். கோட்டா ராமசாமி. 1922-லேயே டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர். கிரிக்கெட் டெஸ்டில் அவர் அறிமுகமானது 1936-ல், மான்செஸ்டரில், 40 வயதில்! அந்த மேட்ச்சில் எடுத்தது 40, 60 ரன்கள். இரண்டு ஆட்டங்களும் அவரிடம் ஒரே ஆண்டில் வந்து மோதிக்கொள்ளவில்லை. கோபாலனைத் தடுத்தது திறமைக் குறைவு அல்ல, காலண்டர்.

இன்றைய பள்ளி மாணவருக்கும் அந்தக் காலண்டர்தான் எதிரி, அதுவும் முன்பைவிடச் சீக்கிரமாக. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் சேர, ஏழாம் வகுப்பிலிருந்தே தேர்வு நடக்கிறது. அங்கே ஒரு விளையாட்டைச் சொல்லித்தான் போய் நிற்க வேண்டும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதை மனதில் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு கணக்குப் புரியும்: ஐந்து ஆட்டங்களில் குறுவட்டச் சான்றிதழ் வைத்திருப்பதைவிட, ஒரே ஆட்டத்தில் மாநில, தேசிய அளவுக்குப் போவதுதான் பயன்படும். ஆக, 12 வயதில் எதையாவது விட்டே ஆக வேண்டுமா?

மருத்துவர்கள் அப்படி அவசரப்படச் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்கிறது. சின்ன வயதிலிருந்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதே மூட்டும் அதே தசைநாரும் தேய்கின்றன. மனதும் சலித்துவிடுகிறது. பல ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு சுமை பிரிகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளம் வயதிலேயே உச்சம் தொடும் ஆட்டங்கள் விதிவிலக்கு.

ஓர் ஆட்டம் இன்னொன்றுக்குக் கை கொடுப்பதும் உண்டு. மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி சின்னக் குழந்தையாக ஸ்கேட்போர்டு ஓட்டி உலகத்தின் கண்ணில் பட்டவர். அவரைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இன்று கடல் அலைகளிலும் சர்ஃபிங் வீராங்கனை. பலகை மேல் நிற்கும் சமநிலை தரைக்கும் பொது, தண்ணீருக்கும் பொது. கபடி ரெய்டரின் சட்டென்ற திருப்பம் கோ-கோவில் உதவும். வாலிபால் ஸ்மாஷுக்கு எழும்பும் கால், உயரம் தாண்டுதலிலும் எழும்பும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கபடி கோச்சுக்குக் கபடி நேரம் மட்டும் தெரியும். ஓட்டப் பயிற்சி தருபவருக்கு ஓட்டம் மட்டும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. உடம்பு ஒன்றுதான்! அமெரிக்காவின் லயோலா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலிருந்து எளிய அளவுகோல் கிடைக்கிறது: வாரத்தில் முறையான பயிற்சி, பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயது என்றால் எல்லா ஆட்டமும் சேர்த்து 13 மணி நேரம். தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் என்று ஆறு நாள் போனாலே 15 மணி நேரம் ஆகிவிடுகிறது. போட்டி மாதத்தில் இது எவ்வளவு சுலபமாகத் தாண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நோட்டில் ஒரே பக்கத்தில் எல்லாப் பயிற்சியையும் எழுதி, அதை எல்லா சார்களிடமும் காட்டுவது நல்ல பழக்கம். போட்டித் தேதிகளும் காலாண்டுத் தேர்வும் மோதுகின்றனவா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். முன்கால் எலும்பிலோ முழங்காலுக்குக் கீழேயோ வரும் வலி, ஓய்வெடுத்தும் போகாவிட்டால், நொண்டி நடந்தால், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் மொத்தமாக மூன்று மாதம் இடைவெளி, அதையும் ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறது அதே 2016 அறிக்கை. கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். ஆனால், இந்தக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை வந்து மைதானத்தில் தண்ணீர் நின்றால் சில வாரங்கள் தானாகவே போய்விடும். மார்ச் பரீட்சைக்கு ஒரு மாதம். மே மாதக் கத்திரி வெயிலில் இன்னொன்று.