கெயினை முழுசா திருகியும் 'பங்க் ராக்' சத்தம் வரலையா? மேடையில் கிட்டார் கொசு மாதிரி கேட்க என்ன காரணம்?

திண்டுக்கல் பக்கம் ஊர்த் திருவிழா என்றால் மைக்செட் குழாய் இல்லாமல் இருக்காது. வால்யூமை அளவுக்கு மீறி வைத்ததும் பாட்டு கரகரவென உடைந்து கேட்குமே, கிட்டத்தட்ட அந்த உடைசல்தான் பங்க் ராக் கிட்டாரின் உயிர். குழாயில் வந்தால் கோளாறு, கிட்டாரில் அதுதான் வேணும்.

சத்தம் எப்படி உடைகிறது?

கிட்டார் கம்பியின் அதிர்வு, மின் அலையாக ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது. அது தாங்கும் அளவைத் தாண்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் இல்லாத மேல்சுருதிகள் எல்லாம் முளைக்கும். இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறார்கள். 1964-ல் லண்டனின் 'தி கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், ஒரு சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரையே பிளேடால் கிழித்து இப்படி ஒரு சத்தத்தை வரவழைத்தார். இப்போ அதுக்கு ஒரு பட்டன் போதும், பிளேடைத் தேட வேண்டாம்!

காஸ்ட்லி கிட்டார் வேணுமா?

வேண்டாம். நியூயார்க்கின் 'ரமோன்ஸ்' குழுவின் ஜானி ரமோன் 1974-ல் 50 டாலர் சொச்சத்துக்கு வாங்கிய மோஸ்ரைட் கிட்டாரில்தான் ஆரம்பித்தார். அவரது பலம் வலது கை. மேலிருந்து கீழாகவே விடாமல் அடிப்பார்.

பலரும் சறுக்கும் இடம் கெயின். முழுசா திருகினால் அலை நசுங்கி, ஒவ்வொரு அடியின் 'ணங்' காணாமல் போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே போதும். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பைப் போட்டு, எக்கோ, ரிவெர்பை மூடிவிடலாம். முழு கார்டுக்குப் பதில் பவர் கார்டு பிடித்தால் (நம்ம கணக்கில் ச, ப இரண்டு ஸ்வரம்) டிஸ்டார்ஷனிலும் தெளிவு கெடாது.

அடுத்து மிட். அதைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் தனி அறையில் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ், பேஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, பறை, எலெக்ட்ரிக் கிட்டாரை ஒரே மேடையில் ஏற்றியது. அத்தனை தாளக் கருவிகளுக்கு நடுவே கிட்டார் கேட்க வேண்டுமானால் மிட் இருந்தே ஆகணும். எனவே பேஸைக் குறைத்து, மிட்டைக் கூட்டணும்.

சரி, மேடையில் ஏன் கொசு சத்தம்?

கல்லூரி விழாக்களில் பெடலில் இருந்து நேரா மைக்செட் மிக்ஸருக்கு வயரைக் கொடுத்துவிடுவார்கள். சிக்கலே இங்கேதான். கிட்டார் ஆம்ப்பில் உள்ள ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சொலியைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். மேடை ஸ்பீக்கர் அதையும் அப்படியே கக்கும். அதுதான் அந்த 'ஙொய்ய்'. சின்ன ஆம்ப்பாக இருந்தாலும் அதன் முன்னால் ஒரு மைக் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மல்டி-எஃபெக்ட்ஸ் பெடல் இருந்தால் 'கேபினெட்' வசதியை ஆன் செய்துவிட்டு மிக்ஸரில் சொருகலாம். ஏற்கெனவே ஆம்ப்பில் வாசிக்கும்போது மட்டும் அதை ஆஃப் செய்யணும், இல்லையென்றால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும்.