அப்பாவும் ஜி-கோடும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலாளர் அண்ணன், "வேலைவாய்ப்பு பற்றி ஏதாவது எழுதும்மா" என்றார். வேலை கிடைப்பது எப்படி என்று வருடா வருடம் யாராவது எழுதத்தான் செய்கிறார்கள். கிடைத்த வேலை நடுவழியில் கையை விட்டுப் போனால் என்ன செய்வது என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்த உதாரணம் என் அப்பாதான். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் 24 வருடம் டர்னராக இருந்தார். 2023 ஜூனில் அங்கே இரண்டு சி.என்.சி. மெஷின் இறங்கியது. நான்கு லேத்தில் மூன்று எடைக்குப் போனது. மூன்று பேரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். முதலாளியைத் திட்டி எழுத மாட்டேன். ஆர்டர் கொடுப்பவர் ஐந்நூறு பீஸும் ஒரே அளவில் கேட்கிறார். கையால் அது நாள் முழுக்க முடியாது என்று அப்பாவே சொல்வார். ஆனால் அப்போது அவருக்கு வயது 46.

அதன் பிறகு ஐந்து மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். பகலில் தூக்கம். யாரிடமும் பேச்சில்லை. சொந்தக்காரர்கள் வந்து "மனசைத் தளரவிடாதீங்க" என்று காபி குடித்துவிட்டுப் போவார்கள். (அந்த வார்த்தையால் ஒரு நயா பைசா பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து.) ஒரு நாள் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய மைக்ரோமீட்டரை விற்க எடுத்து வைத்திருந்தார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

மாற்றம் வந்தது எதேச்சையாக. ஒர்க்ஷாப்பில் நான் கடைந்த ஜாப் முழுக்க வரி வரியாக வந்து, சாரிடம் திட்டு வாங்கியிருந்தேன். வீட்டில் புலம்பினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "சத்தம் எப்படி வந்துச்சு?"

வாயால் செய்து காட்டினேன்.

"டூலை எவ்ளோ வெளிய நீட்டிக் கட்டின?"

இரண்டு அங்குலம் இருக்கும் என்றேன்.

"அதான் அதிருது. உள்ள தள்ளிக் கட்டு. முனை சென்டர் மட்டத்துல இருக்கான்னு பாரு. அப்பவும் கத்துச்சுன்னா ஸ்பீடைக் குறை."

மறுநாள் அப்படியே செய்தேன், பளபளவென்று வந்தது. வந்து சொன்னபோது அப்பா எழுந்து உட்கார்ந்தார். லேத்தைத்தான் எடைக்குப் போட்டார்கள், இந்தக் காது அவரிடம்தானே இருக்கிறது என்று எனக்கு அன்று உறைத்தது.

அந்த வாரம் முதல், அவர் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் என் நோட்டை வைத்து உட்கார்ந்தோம். குறுக்கே போவது எக்ஸ், நீளவாக்கில் போவது இசட். ஜி00 என்றால் வெறுமனே வேகமாக ஓடுவது, ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போவது. முதல் தகராறு எக்ஸில் வந்தது. 40 மி.மீ. ஷாஃப்டை 38 ஆக்க அப்பா 1 மி.மீ. தான் உள்ளே கொடுப்பார். சி.என்.சி.யில் விட்டத்தையே எழுத வேண்டும், எக்ஸ்38 என்று. "இது என்ன ஏமாத்து வேலை!" என்று இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஜி96 வந்தபோதுதான் அவர் முகம் மாறியது. நண்பர்களுக்குச் சூத்திரம் தெரியும்: வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, பையையும் விட்டத்தையும் பெருக்கியதால் வகுத்தால் சுற்று வரும். நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகம் வேண்டுமானால், 100 மி.மீ. விட்டத்தில் சுமார் 318 சுற்று, 50 மி.மீ.யில் 637. முகப்பைக் கடையும்போது டூல் நடுவை நோக்கிப் போகப் போக விட்டம் குறையும். பழைய லேத்தில் சுற்று மாறாததால் வெட்டு வேகம் விழுந்துவிடும். ஜி96 கொடுத்தால் மெஷினே சுற்றைக் கூட்டிக்கொள்ளும். நடுவில் எல்லை மீறி ஓடாமலிருக்க ஃபானக் லேத்களில் ஜி50 போட்டு உச்ச வரம்பும் வைக்கலாம்.

அப்பா சிரித்தார். "பெரிய முகப்புன்னா பாதியில நிறுத்தி கியர் மாத்துவேன். இதைத்தானே நான் காதால கேட்டுப் பண்ணேன்!"

இரண்டு இடத்தில் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது, 2024 ஜனவரியில், பழைய லேத்தும் ஒரு சி.என்.சி.யும் உள்ள சிறு பட்டறை. லேத்துக்குத்தான் எடுத்தார்கள், சம்பளம் முன்பைவிட ஆறாயிரம் குறைவு. அம்மா வேண்டாமென்றார். "மெஷின் பக்கத்துல நிக்கணும்ல" என்று அப்பா போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சி.என்.சி. பக்கம் நின்று பார்த்திருக்கிறார். ஆபரேட்டர் 22 வயதுப் பையன். அவனை "சார்" என்று கூப்பிட்டுக் கேட்க முதல் வாரம் நாக்கு எழவில்லையாம்.

எட்டு மாதம் கழித்து அந்த மெஷினில் அவருக்கு இரவு ஷிப்ட் கொடுத்தார்கள். இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் கூடும், 0.02 கூடினால் ஆஃப்செட்டில் மைனஸ் 0.02. அளந்து பார்ப்பது, விற்காமல் விட்ட அதே மைக்ரோமீட்டரால்.

இன்னும் ஒற்றை விரலால்தான் புரோகிராம் அடிக்கிறார். அந்தப் பையனை இன்றும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். ஜாப்பில் சத்தம் மாறினால் அந்தப் பையன் ஓடி வந்து, "அண்ணா, கொஞ்சம் வந்து கேளுங்களேன்" என்கிறானாம்.

- மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை