கைக்கணினிக்கு எந்தத் துணைக்கருவி?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு செல்போன் கடை முன் சற்று நின்று பாருங்கள். திருவிழாத் தோரணம் போல் துணைக்கருவிகள் தொங்குகின்றன. கலர் கலராக உறைகள், வளைய விளக்குகள், படம் பிடிக்கும் கோல்கள், முழங்கணக்கில் கம்பிகள்! செல்போன் என்பது பேசும் கருவி மட்டுமல்ல, கைக்குள் அடங்கும் கணினி என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணினியோடு எதைச் சேர்த்தால் பயன்? எதைச் சேர்த்தால் பணம் தண்டம்? கடைக்காரரைக் கேட்குமுன் பௌதிகத்தைக் கேட்டுப் பார்ப்போமே.

இதே கேள்விக்கு ஒரு முறை அழகான விடை கிடைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் என்கோர் என்ற நிறுவனத்துப் பொறியாளர்களோடு சேர்ந்து, 2001-ல் ‘சிம்ப்யூட்டர்’ என்ற கைக்கணினியை உலகுக்குக் காட்டினார்கள். விலை சுமார் 9,000 ரூபாய் ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். கிராமத்துக் குடும்பம் ஒன்று இவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? ஆகவே கருவியில் ஸ்மார்ட் கார்டு செருகும் வசதியை வைத்தார்கள். கணினி ஊருக்குப் பொது. அட்டை மட்டும் அவரவருக்குச் சொந்தம். சொந்த விவரங்கள் எல்லாம் அட்டையோடு வீட்டுக்குப் போய்விடும். 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு ‘அமிடா’ என்ற பெயரில் இது கடைக்கு வந்தது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்பது வேறு கதை. தேவையை முதலில் பார்த்து, பொருளைப் பிறகு தேடினார்களே, அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

காவிரிப் படுகையில் நமக்கு என்ன தேவை? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில், வெளியூரில் இருந்த பிள்ளைக்கு “உயிரோடு இருக்கிறோம்” என்று ஒரு வார்த்தை சொல்லக் கைக்கணினிக்கு உயிர் வேண்டியிருந்தது. ஆகையால் நம் பகுதியில் முதல் துணைக்கருவி பவர் பேங்க் எனப்படும் சேமிப்பு மின்கலம்தான்.

அதன் பெட்டியில் ‘10,000 மில்லி ஆம்பியர் மணி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். செல்போனின் மின்கலமோ 5,000. அப்படியானால் இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் அல்லவா? முடியாது! மேட்டூரில் மின்சாரம் எடுக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று மட்டும் சொன்னால், எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கிட முடியுமா? எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்றும் தெரிய வேண்டும். இங்கே ஆம்பியர் மணி என்பது தண்ணீரின் அளவு. வோல்ட் என்பது உயரம். இரண்டையும் பெருக்கினால் வாட் மணி, அதாவது ஆற்றல் கிடைக்கும். பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் கலத்தின் மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். 10 ஆம்பியர் மணியை 3.7 ஆல் பெருக்க 37 வாட் மணி. இதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், செல்போனுக்குள் ஏற்றும்போதும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது 30 வாட் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கலம் நிறைய ஏறத்தாழ 19 வாட் மணி வேண்டும். ஆக, ஒன்றரை முறைதான். எனவே பெட்டியில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு வாட் மணி என்ற சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். லித்தியம் கலம் தீப்பிடிக்கக் கூடியது. அதில் மலிவு பார்க்கலாகாது.

மூடியிலேயே சூரியப் பலகை ஒட்டிய பவர் பேங்க் ஒன்றும் விற்கிறது. பார்க்கக் கவர்ச்சிதான். கணக்கைப் போடுங்கள். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி ஆற்றல் சுமார் 1,000 வாட். மூடியின் நீளம் 14, அகலம் 7 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் விழுவது 10 வாட். மின்சாரமாக மாறுவது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 வாட். 37 வாட் மணி நிரம்பச் சித்திரை வெயிலிலேயே நான்கைந்து நாள் ஆகும். புயல் வருவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். போதாக்குறைக்கு, வெயிலில் காய்வது லித்தியம் கலத்துக்கு ஆகாது. இதை வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி.

அடுத்தது கம்பி. யாரும் பொருட்படுத்தாத பொருள் இது! ஆற்றுத் தலைப்பில் தண்ணீர் ததும்பினாலும் வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடை வயல் காய்கிறதல்லவா? கம்பியிலும் அதே கதைதான். ஒரு மீட்டர் கம்பியில் மின்னோட்டம் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். உள்ளிருக்கும் செம்பு இழையின் குறுக்குப் பரப்பு 0.08 சதுர மில்லிமீட்டர் என்றால் மொத்த மின்தடை 0.43 ஓம் வரும். 2 ஆம்பியர் ஓடினால் ஓம் விதிப்படி 0.86 வோல்ட் வழியிலேயே இழப்பு. 5 வோல்ட்டில் புறப்பட்டது 4.14 ஆக வந்து சேரும். செல்போன் அந்த மின்னோட்டத்தை ஏற்காமல் குறைத்துக்கொள்ளும்; இரவெல்லாம் செருகியிருந்தும் நிரம்பாது. ஆகவே குட்டையான, தடித்த கம்பியே மேல். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஒரே செல்போனை, ஒரே அளவிலிருந்து, இரு கம்பிகளால் தனித்தனியே அரை மணி ஏற்றி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பியுள்ள காதொலிப்பானைப் பழசு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களும் ஓயத் தொடங்கும். அப்போது இணையம் இல்லை. பண்பலை வானொலி இருக்கும். அதன் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, முக்கால் மீட்டர் நீளக் கம்பி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். காதொலிப்பானின் கம்பியே அந்த ஏரியல்! ஆனால் உங்கள் செல்போனில் பண்பலை வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

பணம் மிஞ்சினால் ஒரு லென்ஸ். கவ்வியால் மாட்டும் சாதாரண லென்ஸே போதும். நெல் தூரில் ஒட்டியிருக்கும் புகையானின் கால் முதல் இறக்கை வரை தெரியும். அதைவிட நுட்பம் வேண்டுமானால், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்தியரான மனு பிரகாஷும் அவருடைய மாணவர்களும் 2014-ல் வெளியிட்ட ‘ஃபோல்டுஸ்கோப்’ என்ற தாள் நுண்ணோக்கி இருக்கிறது. 140 மடங்கு பெரிதாக்கும். காந்தத்தால் செல்போனில் ஒட்டிக்கொள்ளும். குலை நோய் கண்ட நெல் இலையில் நடு சாம்பலாகவும் ஓரம் பழுப்பாகவும் கண் வடிவப் புள்ளிகள் இருக்கும். அந்த இலையை ஈரத் தாளில் ஓரிரவு மூடி வைத்து, ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். பேரிக்காய் வடிவில் மிகச் சிறு வித்துகள் தென்பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் ஊர் வேளாண்மை அலுவலரிடமோ காட்டி, மருந்து தெளிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.