புலவர் கண்ட நாரையும் நான் கண்ட நாரையும்



இலக்கியத் தொடரில் காட்டுப் பறவைகளுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நமது பழம்பாடல்களில் பறவை இல்லாத பக்கங்கள் குறைவு. கிளியும் நாரையும் தூது போகின்றன. அன்றிலின் குரல் கேட்டுத் தலைவி துயருறுகிறாள். அவற்றை உவமை என்றும் அணி என்றும் பெயரிட்டுப் படித்துவிட்டு நாம் அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுகிறோம். ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நீர்க்கரையில் நின்று புலவர் அந்தப் பறவையைக் கண்ணாரக் கண்டிருப்பார் என்ற நினைவு நமக்கு வருவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கும் அது வரவில்லை. அதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தை மாதத்தில், நண்பர் ஒருவரின் நூல் வெளியீட்டுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பயணமானேன். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், பூநகரி வழியாகச் செல்லும் அந்தப் பாதை பறவை பார்ப்போருக்கு நல்ல விருந்து. பாலத்தின் இருமருங்கும் கடனீரேரி. மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியை நெருங்கும்போது வங்காலைச் சரணாலயத்தின் சேற்று நிலங்கள் விரிகின்றன. 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்ற பகுதி அது. பேருந்து வேகம் குறைத்த ஒரு கணத்தில், ஆழமற்ற நீரில் நின்ற ஐந்தாறு பெரிய நாரைகளைக் கண்டேன். வெள்ளை உடல், நீண்டு சிவந்த கால்கள். என் உள்ளம் துள்ளியது.

மறுநாள் வகுப்பில் பெருமையோடு சொன்னேன்: “சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரையை நான் நேரிலே கண்டுவிட்டேன்!”

பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். வயல் வேலைக்கும் கடற்கரைக்கும் தகப்பனோடு போய்வருகிற பிள்ளை. அதிகம் கதைக்காதவன்.

“சேர், நீங்கள் கண்ட நாரையின்ர சொண்டு என்ன நிறம்?”

“மஞ்சள்.”

“நேராய் இருந்ததோ, வளைஞ்சிருந்ததோ?”

சற்று யோசித்தேன். “நுனி கொஞ்சம் கீழே வளைந்திருந்தது.”

“அப்ப அது புலவர் சொன்ன நாரை இல்லை, சேர். பனங்கிழங்கு நேராய்த்தானே இருக்கும். பவளமும் மஞ்சள் இல்லையே.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். மாலையில் வீட்டுக்குப் போய்ப் பறவை நூலை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளை சொன்னதே சரியாயிற்று. நான் கண்டது மஞ்சள் மூக்கு நாரை. நெஞ்சின் குறுக்கே கரிய பட்டி, வாலருகே இளஞ்சிவப்புத் தூவி, மயிரற்ற செம்மஞ்சள் முகம் ஆகியன அதன் அடையாளங்கள். நம் நாட்டிலேயே நிலையாக வாழ்ந்து, நீர்நிலையை அண்டிய மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுவது அது. சிவந்த கால் ஒன்றைக் கண்டவுடனேயே மற்ற எல்லாவற்றையும் பாட்டிலிருந்து எடுத்து நானே நிரப்பிக்கொண்டுவிட்டேன். கண் கண்டது பாதி. ஆசை கண்டது மீதி.

நேயர்களே, அந்தப் பாடலை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஊரைப் பிரிந்து பாண்டியன் நகரில் குளிரில் நடுங்கும் ஏழைப் புலவர், வானிற் பறக்கும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்புகிறார். அந்தத் துயர் நம்மை உருக்குவதால், அவர் எவ்வளவு கவனமாகப் பறவையைப் பார்த்திருக்கிறார் என்பது மறைந்துபோகிறது. காலின் நிறத்தைச் சொல்கிறார். அலகின் நிறத்தைச் சொல்கிறார். அலகின் வடிவத்துக்கு இரண்டாகப் பிளந்த பனங்கிழங்கைக் காட்டுகிறார். பறவை சோடியாகச் செல்வதைக் குறிக்கிறார். தெற்கே குமரிவரை வந்து வடக்கு நோக்கித் திரும்புவதையும் குறிக்கிறார்.

அவித்த பனங்கிழங்கைப் பிளந்து தின்ற யாழ்ப்பாணத்தாருக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை. அடியில் தடித்து, நேராக ஒடுங்கிக் கூராகும் இரு பாதிகள். நாரையின் அலகுக்கு ஏற்ற உவமை கிடைக்காமல் பாண்டியன் தவித்துக்கொண்டிருந்தான் என்றும், இந்தப் பாட்டைக் கேட்டே அவன் தெளிந்து புலவருக்குத் தன் மேலாடையை வழங்கினான் என்றும் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, ஒரு பறவையின் அலகைச் சரியாகச் சொல்வது அரசனுக்கும் கவலையாக இருக்கத்தக்க செயல் என்று நம் முன்னோர் கருதினார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது.

புலவர் சொன்ன அடையாளங்கள் வெண்ணாரைக்குப் பொருந்துகின்றன. அதன் காலும் அலகும் சிவப்பு, அலகு நேரானது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் வெண்ணாரைகளில் ஒரு பகுதி குளிர்காலத்தை இந்தியாவில் கழித்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பும். இலங்கையில் அதைக் காண்பது அரிது. வலசை என்ற சொல்லை நாம் பறவையியலுக்கு வழங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதன் திசையைக் கண்டு பாட்டில் எழுதிவைத்திருக்கிறார் ஒரு தமிழ்ப் புலவர். அந்தக் குறிப்புத் துல்லியமாக இருந்தபடியால்தான், பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு பள்ளி மாணவன் அதைக் கொண்டே தன் ஆசிரியனைத் திருத்த முடிந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டுக் குறுந்தொகையில் உண்டு. கபிலர் பாடிய 25ஆம் பாட்டு. தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறு சாட்சி எவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற குருகு ஒன்றுதான் இருந்தது என்கிறாள் தலைவி. அதன் கால் தினையின் தாளைப்போல மெலிந்து பசுமையானது என்றும் சொல்கிறாள். நம் வயல்களில் காணும் வெள்ளைக் கொக்குகளின் கால்கள் கருமையானவை. மங்கிய பச்சைக் கால்களோடு, கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நிற்பது குருட்டுக் கொக்கு. கபிலர் கண்டது அதையே என்பது என் எண்ணம். அந்தக் குருகு எல்லாவற்றையும் கண்டது. ஆனால் அதனால் சொல்ல முடியாது. அதன் கண்ணெல்லாம் மீன்மேல். கண்டும் சொல்லாத சாட்சியால் தலைவிக்கு என்ன பயன்? பறவை கண்டு மகிழ்ந்து எவரிடமும் சொல்லாமல் போகிறவரும் அந்தக் குருகைப் போன்ற சாட்சிதான்.

இந்த இடத்தில் என் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது 14. நாங்கள் தென்மராட்சியில் ஒரு வயலோரக் கொட்டிலில் தங்கினோம். விளக்கில்லாத இரவுகள். வயலில் ஆட்காட்டி கத்தினால் ஐயா எழுந்து உட்கார்ந்துவிடுவார். எந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறது, நின்ற இடத்தில் நின்று கத்துகிறதா, பறந்து பறந்து கத்துகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். “நாய் குலைக்க முந்தி இது சொல்லிப்போடும்” என்பார். குரல் அடங்கிய பின்னரே படுப்பார். ஆளைக் காட்டுவதால் ஆட்காட்டி. திறந்த தரையில் கூடென்று ஒன்றுமில்லாமல், மண்ணின் நிறத்தில் முட்டையிடும் பறவை அது. ஆள் நடமாட்டத்தைக் கண்டு கத்தாமல் அதனால் இருக்க முடியாது. யாரோ முதலில் கவனித்து அயலவருக்குச் சொன்ன குறிப்பு அது. ஊர் ஏற்றுக்கொண்டு அதையே பெயராக்கிவிட்டது.

ஆறுமணிக் குருவி என்பதும் அப்படி வந்த பெயரே. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, சித்திரை மாதத்துக்குள் திரும்பிவிடும் வண்ணப் பறவை அது. களைத்து வந்த புதிதில் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் அது குரல் கொடுப்பதைக் கேட்டவர்கள் மணிக்கூட்டையே அதற்குப் பெயராக வைத்தார்கள். பெயருக்குள்ளே நேரம் இருக்கிறது.

ஐயாவுக்கு இப்படி எத்தனையோ பெயர்கள் தெரியும். கடனீரேரிக் கரையில் ஓடித்திரியும் சிறு பறவைகளை நான் மொத்தமாக உள்ளான் என்பேன். அவர் காலைப் பார்த்து, சொண்டைப் பார்த்து, எழும்பும்போது இடும் சத்தத்தைக் கேட்டு வேறு வேறு பெயர் சொல்லுவார். நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். அவர் காலமாகி ஆண்டுகள் பல ஆகின்றன. அவர் சொன்ன பெயர்களில் மூன்று நான்குக்கு மேல் இன்று எனக்கு நினைவில்லை. 1955 இல் வெளியான ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூலில் தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டிருக்கின்றன. என் வீட்டுத் திண்ணையில் கேட்டவற்றை அந்த ஆங்கில நூலில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கண்டதை எழுதிப் பகிரும் வழக்கம் இந்த நாட்டில் புதியதன்று. 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம் தன் உறுப்பினர் கண்டவற்றைத் திரட்டிக் குறிப்புகளாக வெளியிட்டு வந்திருக்கிறது. ஒருவர் தம் தோட்டத்தில் கண்டது, இன்னொருவர் பயணத்தில் கண்டது என்று சேர்ந்த சிறு குறிப்புகளிலிருந்துதான் எந்தப் பறவை எப்போது வருகிறது, எங்கே குறைந்துவிட்டது என்பது புலனாகிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் முன்னின்று 2002 இல் தொடங்கிய ஈபேர்ட் திட்டத்தில், இன்று கைபேசி வழியாக உலகெங்குமிருந்து குறிப்புகள் சேர்கின்றன. கருவி மாறியிருக்கிறது, சொல்ல வேண்டியவை மாறவில்லை.

தெரியாததைத் தெரியாதென்று எழுதும் பொறுமைக்கு நம் தீவிலேயே ஒரு சான்று இருக்கிறது. நாங்கள் இடம்பெயர்ந்த அதே 1995 இல், கித்துல்கல மழைக்காட்டில் இரவு வேளையில் ஒரு குரலைக் கேட்டார் தீபால் வரகாகொட. அறிந்த எந்தப் பறவையின் குரலோடும் அது பொருந்தவில்லை. பொருந்தாததைப் பொருத்திவிடாமல் அவர் தேடிக்கொண்டே இருந்தார். 2001 இல் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார். அதுவரை அறிவியல் அறியாத சிறு ஆந்தை அது. 2004 இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பட்டபோது, சிங்கராஜ வனத்தைக் காக்க உழைத்த திலோ ஹொவ்மனின் பெயர் அதில் சேர்க்கப்பட்டது. இருட்டில் கேட்ட ஒரு குரலுக்குப் பெயர் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் சென்றன. நானோ ஒரு நாரைக்குப் பெயர் வைக்க ஒரு நொடியும் எடுக்கவில்லை.

அந்த நாரைச் சம்பவத்தின் பின்னர் எங்கள் வகுப்பில் ஒரு கொப்பி வைத்தோம். பறவை கண்டவர் எவரும் அதில் எழுதலாம். எந்த நாள், என்ன நேரம், எந்த இடம், எத்தனை பறவைகள், என்ன செய்துகொண்டிருந்தன என்பவற்றை முதலில் எழுத வேண்டும். பிறகு கால், அலகு, இறகு, குரல் ஆகியவற்றில் கண்டதும் கேட்டதும் மட்டும். பெயர் கடைசியில்தான். பெயரை முதலில் எழுதினால், மற்றவற்றைப் பெயருக்கு ஏற்றபடி மனம் திருத்திவிடும் என்பது என் சொந்த அனுபவம். வீட்டில் பெரியவர்கள் வேறு பெயர் சொன்னால் அதையும் எழுத வேண்டும். தமிழ்நாட்டு நூல்கள் செம்போத்து என்பதை நாம் செண்பகம் என்கிறோம். அவர்களின் தவிட்டுக் குருவி நமக்குப் புலுனி. இரண்டையும் எழுதி வைத்தால் இரு கரையாரும் ஒருவர் கண்டதை மற்றவர் விளங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எழுதக்கூடாது என்று தீர்மானித்தோம். கூடு இருக்கும் இடம். முட்டையும் குஞ்சும் தேடுவோர் கண்ணில் அந்தக் கொப்பி படலாமல்லவா?

பிள்ளைகளின் தமிழிலும் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் கட்டுரையில் “அழகிய பறவைகள் இனிய கீதம் இசைத்தன” என்று எழுதுவார்கள். இப்போது ஒரு பிள்ளை, மழை விட்ட முற்றத்தில் ஏழு புலுனிகள் ஈசலுக்காகச் சண்டைபிடித்ததை எழுதுகிறது. ஏழு என்று எண்ணியிருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கண்டபோது நான் சங்கப் பாட்டுக்கு உரை சொல்லும் வேளையில் அடையும் மகிழ்ச்சியை அடைந்தேன்.

சென்ற மழைக்காலத்தில் செம்மணிப் பக்கம் கடனீரேரிக் கரையில் நின்று நானும் ஒரு குறிப்பு எழுதினேன். காலை ஆறரை மணி. உள்ளான்கள், ஏறத்தாழ நாற்பது. நீர் வற்றிய சேற்றில் இரை தேடின. கால் சிலவற்றுக்குப் பச்சை, சிலவற்றுக்குக் கறுப்பு. பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். ஐயா இருந்திருந்தால் நிரப்பியிருப்பார். உங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படி ஒருவர் இன்னும் இருப்பாரானால், இன்று மாலையே ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.