பத்தரை மணிப் பபூன்

பங்குனிப் பொங்கல் அன்று சாயங்காலம் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றால், யார் நாடகக்காரர் என்று சிறுவர்கள் எங்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். மழித்த முகம், ரெக்சின் பை, வெற்றிலைச் சிவப்பு, எங்கள் ஊர் டவுன் பஸ் எப்போது வருமோ என்கிற கவலை. ராஜபார்ட் மதுரை வண்டியில் வந்து இறங்குவார். ஸ்திரீபார்ட் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார். பபூன் எந்த பஸ்ஸில் வந்தார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நாங்கள் பார்க்கும்போது டீக்கடை பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். கடைக்காரரிடம் எங்கள் ஊரைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருப்பார். அந்த அரை மணி நேரப் பேச்சுத்தான் ராத்திரிக்கான சரக்கு என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

ஸ்பெஷல் நாடகம் என்கிற இந்த ராத்திரி நாடகத்துக்கு என்று குழு கிடையாது. ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. நடிகர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கி, முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். சில பேர் மேடையில்தான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அப்படியும் நாடகம் நடந்துவிடும், ஏனென்றால் பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியவர். 'வள்ளி திருமணம்' என்றால் எங்கள் அப்பத்தாவுக்கே பாட்டு முழுவதும் தெரியும். முருகன் வள்ளியைக் கட்டத்தான் போகிறார், அதில் ஒரு ஐயமும் இல்லை. விடிய விடிய நடக்கும் அந்த நாடகத்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று: பத்தரை மணிக்கு வரும் பபூன் என்ன பேசுவார்?

'கரகாட்டக்காரன்' படம் வந்ததற்கு அடுத்த பங்குனி, அதாவது 1990. நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய், பின்னால் அரண்மனைத் தூண் வரைந்த சீன் துணி, ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டு என்கிற தாளவாத்தியமும். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் எப்படி ஒட்டும் என்பதை அதில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பபூன் பாடிக்கொண்டே ஓடி வந்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"உங்க ஊரு மண்ணு ரொம்பப் பாசமான மண்ணுங்க."

"ஏண்ணே அப்பிடிச் சொல்றீக?" என்றார் மிருதங்கக்காரர்.

"பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தேன். செருப்பப் புடிச்சுக்கிட்டு 'இருங்க, இருங்க'ங்குது. விடமாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆளுகதான் 'வாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லல."

மிருதங்கத்தில் ஒரு அடி விழுந்தது. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் மிருதங்கக்காரர் சொன்னார்: "வாங்கன்னு சொன்னா சாப்பாடு போடணும்லண்ணே!"

அடுத்து பஸ். "பஸ்ஸு வருமான்னு ஒரு பெரியவர்ட்ட கேட்டேன். 'கட்டாயம் வரும்'ன்னாக. எப்ப வரும்னேன். 'போன பஸ்ஸுதானே தம்பி திரும்பி வரணும்? அது எப்ப போச்சுன்னுதான் எங்க யாருக்கும் ஞாபகம் இல்ல'ன்னாக."

இதை எழுதிப் படித்தால் பாதிச் சிரிப்புக்கூட வராது என்று எனக்குத் தெரியும். அன்று வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது அந்தச் செருப்பு. அவர் பேசத் தொடங்கும் முன்பே அது பேசிவிட்டது, நாங்கள் எல்லோரும் அதே சேற்றை மிதித்துத்தான் வந்து உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது, மண்ணைப் புகழ்ந்த கையோடு ஆட்களுக்கு ஒரு குட்டு. குட்டு வலிப்பதற்குள் மிருதங்கக்காரர் எங்கள் பக்கம் பேசுகிற மாதிரி வந்து இன்னொரு குட்டு. அவர் அப்போதுதான், அந்த மேடையில்தான், இந்தப் பபூனோடு சேர்ந்திருப்பார். ஆனாலும் எந்த இடத்தில் அடி விழவேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். மூன்றாவது காரணம் பஸ் ஜோக்கில் இருக்கிறது. ஊரைக் கேலி செய்தது பபூன் இல்லை, ஊர்ப் பெரியவர் சொன்னதாகத்தான் அவர் சொன்னார். தன் வாயால் எதையும் சொல்லாமல், யாரோ சொன்னதாகச் சொல்லித் தப்பிப்பது பபூனின் பரம்பரை வித்தை.

அந்த வித்தையை உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஒரு அமெரிக்க மானிடவியலாளர், சூசன் சைசர். மதுரையில் தங்கி, நாடகக்காரர்களோடு ஊர் ஊராகப் போய், இரவெல்லாம் விழித்துப் பார்த்தவர். பபூன் தனக்கும் தான் சொல்லும் பச்சையான பேச்சுக்கும் நடுவே எப்படி ஒரு இடைவெளி வைத்துக்கொள்கிறார் என்று 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார். ராத்திரி கைதட்டிய ஊரே பகலில் இந்தக் கலைஞர்களை மரியாதை குறைத்து நடத்துவதைப் பற்றி 2005-ல் ஒரு புத்தகமே போட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சொந்த நாட்டுக்குப் போய், சின்னச் சின்ன ஊர்களுக்குக் கார் ஓட்டிப் போய் மைக் பிடிக்கும் அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர்களைப் பற்றி 2012-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். எங்கள் பபூனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவர்களும் அந்நியமாகத் தெரிந்திருக்க மாட்டார்கள்.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கி வைத்துக் கொண்டாட எனக்கு மனசில்லை. தனிப்பேச்சு முடிந்ததும் டான்ஸ்காரப் பெண் வருவார். அவரோடு பபூன் நடத்துகிற வாக்குவாதத்தில் பாதியை இன்றைக்கு என் மகளை அருகில் வைத்துக்கொண்டு கேட்க முடியாது. அப்பத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார், மறுநாள் கண்மாய்க் கரையில் அந்தப் பெண்ணைத்தான் ஏசுவார். பபூனை யாரும் ஏசவில்லை. டீக்கடை விசாரணைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. எதைப் பேசலாம் என்பதோடு, எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் தகராறு, எதை வாயெடுக்கவே கூடாது என்பதையும் அங்கேதான் கேட்டுக்கொள்வார். பஸ்ஸைப் பேசுவார், வாத்தியாரைப் பேசுவார், கண்மாய் முழுக்க மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தைப் பேசுவார். சாதியைப் பற்றி ஒரு சொல் வராது. அது பயமா பக்குவமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நாடகம் இல்லாத நாட்களில் எங்களுக்குக் குழாய் ரேடியோதான். கல்யாண வீடு, காதுகுத்து என்றால் மரத்தில் குழாயைக் கட்டி 'திருவிளையாடல்' வசனத்தைப் போட்டுவிடுவார்கள். 1965-ல் வந்த படம். தருமியாக நாகேஷ் தனியாக நின்று புலம்புகிற இடம் சினிமாவுக்குள் நுழைந்துவிட்ட பபூன் காட்சி என்று இன்றும் சாதிப்பேன். பிறகு லியோனியின் பட்டிமன்றக் கேசட் வந்தது, டீக்கடைகள் அதில் பிழைத்தன. பெயரிலேயே விருதுநகரைச் சுமந்த வி.கே. ராமசாமி, நாடகக் கம்பெனியில் வளர்ந்து, 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் 21 வயதில் கிழவராக வந்து, கடைசிவரை அந்தத் தோரணையிலேயே சிரிக்க வைத்தார். வடிவேலு வந்தபோது எங்களுக்கு ஏற்பட்டது வேறு வகைச் சந்தோஷம். எங்கள் பக்கத்து ஆட்கள் வாயில் வருகிற பேச்சு அப்படியே திரையில் வந்தது. 2019 மே மாதம், யாரோ ஒருவர் இணையத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கப்போய், 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த, தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே வேண்டிக்கொண்டது. அந்தப் படம் வந்து அப்போது 18 வருஷம் ஆகியிருந்தது.

2005-ல் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு?' வந்தது. தனி ஆள், ஒரு மைக், சில நிமிடங்கள். மதுரை முத்து மூச்சு விடாமல் அடுக்குவார். சிவகார்த்திகேயன் அங்கிருந்துதான் கிளம்பினார். ரோபோ சங்கர் கிராமத்து மேடைகளில் உடம்பெல்லாம் உலோக வண்ணம் பூசிக்கொண்டு இயந்திரம்போல ஆடியே அந்தப் பெயரை வாங்கியவர். 2025 செப்டம்பரில் 46 வயதில் போய்விட்டார். பபூன் மேடைக்கும் டிவிக்கும் நடுவே நின்றவர்களில் அவரும் ஒருவர். இந்த நிகழ்ச்சிகளைச் 'சிரிப்புச் சரவெடி' என்று விளம்பரம் செய்வார்கள். வெடி செய்கிற மாவட்டத்துக்காரன் நான், சரவெடியின் குறை எனக்குத் தெரியும். எந்த வெடி நன்றாக வெடித்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பபூனுடையது நீளத் திரி. பொறி ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே காதைப் பொத்துவதில்தான் பாதி சுகம்.

அந்தத் திரிக்கு நேரம் வேண்டும். நேரம் போனது சட்டத்தாலும்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கென்று வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்கலாம். ஸ்பெஷல் நாடகம் நடப்பது இரவு பத்திலிருந்து விடியும் வரை. தடையின் நேரமும் நாடகத்தின் நேரமும் அச்சு அசலாக ஒன்று! விதியை எழுதியவர்களுக்கு வள்ளியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும்தான், அதையும் மறுக்க மாட்டேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, சத்தத்தைக் குறைத்து நடத்துகிற ஊர்கள் உண்டு. வேண்டுதலுக்காக நாடகம் வைத்த ஊர்கள் சாமிக்குப் பயந்து விடாமல் வைக்கின்றன. மற்ற ஊர்கள் சுருக்கமாக ஆடல் பாடலுக்கு மாறிவிட்டன, இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு பலகுரல். போதாக்குறைக்கு 2020, 2021 இரண்டு வருஷமும் திருவிழா மாதங்கள் தொற்றில் அடிபட்டன. நாடகக்காரர்களுக்கு அந்த மாதங்கள்தான் வருஷத்துச் சோறு.

எங்கள் பக்கத்து மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களை வைத்து 'சஞ்சாரம்' எழுதினார், அதற்கு 2018-ல் சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது. பபூனுக்கு அப்படி ஒரு நாவல் வரவேண்டும் என்று எனக்கு ஆசை.

என் அக்கா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுக்குச் சிரிப்பு ஷிப்டு முடிந்த பிறகு, கைபேசியில், காதில் ஒயர் மாட்டி. "மாமா, இதப் பாருங்க" என்று அவன்தான் எனக்கு அலெக்சாண்டர் பாபுவைக் காட்டினான். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், இன்ஜினீயர், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு மேடைக்கு வந்தவர். 2019-ல் வெளியான 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' நிகழ்ச்சியில் பாடுகிறார், பாட்டை நிறுத்தி விளக்குகிறார், சிரிக்க வைக்கிறார், மறுபடி பாடுகிறார். எனக்கு உடனே பபூன் ஞாபகம் வந்தது. ஆர்மோனியச் சுருதியில் சேராத பபூனுக்கு எங்கள் ஊரில் மறுவருஷம் தேதி கிடைக்காது. 2020-ல் தமிழில் வந்த 'காமிக்ஸ்தான்' போட்டியில் ஷ்யாமா ஹரிணி என்ற பெண் மைக் பிடித்துப் பேசியதைப் பார்த்தபோது அப்பத்தாவையும் அந்த டான்ஸ்காரப் பெண்ணையும் நினைத்துக்கொண்டேன். ஒரு பெண்ணை வைத்துச் சிரித்த மேடைக்கும், ஒரு பெண் நின்று சிரிக்க வைக்கிற மேடைக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது இவர்களிடையே புது மோஸ்தர் ஒன்று. முன்வரிசையில் இருப்பவரிடம் "எந்த ஊரு? என்ன வேலை?" என்று கேட்டு, அந்தப் பதிலிலிருந்தே ஜோக் பண்ணுவது. அதை வெட்டி ஒட்டி ரீல்ஸ் போடுகிறார்கள். அக்கா மகன் இதைப் புதுசு என்கிறான். டீக்கடை பெஞ்சை நான் அவனுக்குச் சொன்னேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. சென்னை அரங்கில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் ஐ.டி. என்கிறார்கள். பபூன் கேட்டு வைத்திருந்ததோ, தலையாரி வீட்டு ஆடு போன வாரம் யார் தோட்டத்தில் மேய்ந்தது என்பது. அந்த ஜோக்கை அடுத்த ஊரில் சொன்னால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். மண்ணும் பஸ்ஸும் மாதிரி எந்த ஊருக்கும் பொருந்துகிறவற்றை அவர் தனியாக வைத்திருப்பார், அவை ஒரு சீசன் முழுக்க ஓடும்.

ஓடும் என்று சொல்லக்கூடாது. ஓடின. இந்தப் பங்குனியில் எங்கள் ஊரில் ஒரு வேண்டுதலுக்காக 'வள்ளி திருமணம்' வைத்தார்கள். என் மச்சான் கமிட்டியில் இருந்தார், அனுமதிக்கு அலைந்தவரும் அவரே. மேடையில் எல்.இ.டி. விளக்கு. பபூனுக்கு முப்பது வயது இருக்கும், காரில் வந்து இறங்கினார், டீக்கடைப் பக்கமே போகவில்லை. ஓடி வந்து, சுற்றி, நின்று, கூட்டத்தைப் பார்த்தார். முப்பது நாற்பது செல்போன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் ஸ்டாண்ட் போட்டு ஒரு யூடியூப் சேனல்காரரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதி வைத்த பேச்சை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, தம்பிகளா, செல்லக் கொஞ்சம் கீழ வைங்க. நாளைக்குப் பக்கத்து ஊர்ல எனக்கு நாடகம். அந்த ஊரு ஆளுகளுக்கும் கொஞ்சம் சிரிப்ப மிச்சம் வைங்கப்பா."

மிருதங்கக்காரர் விடவில்லை: "நேத்து பேசுனதத்தானண்ணே இன்னைக்கும் பேசப்போறீக. இவுக காலையிலயே பாத்துட்டாக."

கூட்டம் குலுங்கியது. நானும்தான். மறுநாள் ஏழு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் திருப்பூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மாமா, நம்ம ஊரு பபூன், செம" என்று எழுதி. திறந்து பார்த்தேன். செல்லைக் கீழே வைக்கச் சொன்ன அந்த இடம்தான்.